கிளமெண்டியின் ராத்திரிப் பசிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளமெண்டி வட்டாரத்தில் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பிட உட்காரும் அன்பர்களுக்கு,



பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையத்தில் மாலை ஷிப்ட் முடித்து வருபவர்கள், ஜூரோங் தொழிற்பேட்டையிலிருந்து கடைசி ரயிலைப் பிடித்து இறங்குபவர்கள், தாதியர், டாக்சி ஓட்டுநர்கள், காவலாளிகள், கென்ட் ரிட்ஜிலும் டோவரிலும் விடிய விடியப் படிக்கும் மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் நீங்கள். ஆனால் கோப்பிக் கடையில் பாயிடம் நீங்கள் சொல்லும் ஆர்டர் பெரும்பாலும் ஒன்றுதான்: ரெண்டு கோசோங் பிராட்டா, ஒரு முட்டை பிராட்டா, தே தாரிக். மீன் கறியா, பருப்புக் கறியா என்பதில்தான் கட்சி பிரியும்.

வீட்டில் உங்கள்மேல் விழும் குற்றச்சாட்டும் ஒன்றுதான். "வாயைக் கட்டத் தெரியாதா?" அம்மா கேட்கிறார், மனைவி கேட்கிறார், சர்க்கரை அளவைப் பார்த்த மருத்துவர் அதையே கொஞ்சம் நாகரிகமாகக் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்நேரத்தில் பிராட்டா பக்கம் உங்களை இழுப்பதில் மன உறுதிக் குறைவின் பங்கைவிடத் தூக்கக் குறைவின் பங்கும் கொழுப்பின் பங்கும் பெரிது என்பதுதான் இம்மடலின் கட்சி.

கஞ்சா இழுத்தவருக்கு அகோரப் பசி எடுக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. அந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்று துருவிப் போனவர்களால்தான் இந்தக் கதை தொடங்கியது. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி-யைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது தெரிய மேலும் 24 ஆண்டுகள் ஆயின. 1988இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹவ்லெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டிவேனும் மூளையில் அதற்கென்றே ஓர் ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். இன்று அதன் பெயர் சிபி1.

அடுத்த கேள்வி தானாகவே வந்தது. மனித மூளை ஒரு செடிக்காக ஏன் ஏற்பியை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? உடம்பே சுரக்கும் ஏதோ ஒன்று அங்கே வந்து ஒட்டத்தான் வேண்டும். 1992இல் ஜெருசலேமில் மெக்கூலத்தின் ஆய்வுக்கூடத்தில் டிவேனும் செக் நாட்டைச் சேர்ந்த லூமிர் ஹனுஷும் பன்றியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். 1995இல் இரண்டாவது பொருளும் கிடைத்தது. அதை மெக்கூலம் குழு எடுத்தது நாயின் குடலிலிருந்து. பெயர் 2-ஏஜி. இவ்விரண்டும், இவை ஒட்டும் ஏற்பிகளும், இவற்றைச் செய்து உடைக்கும் நொதிகளும் சேர்ந்ததே எண்டோகன்னாபினாய்டு மண்டலம். நாக்கு தொடங்கி மூளை, குடல், கல்லீரல், கொழுப்புத் திசு வரை அதன் ஆட்சி நடக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இது உடம்பிலேயே சுரப்பது. செடியோடு இதற்குப் பெயர்ப் பொருத்தமும் ஏற்பிப் பொருத்தமும் உண்டு, அவ்வளவுதான். 'எண்டோகன்னாபினாய்டைச் சமன்செய்யும்' என்று இணையத்தில் விற்கும் மிட்டாயும் எண்ணெயும் கஞ்சாவிலிருந்து எடுத்தவையாக இருந்தால் சிங்கப்பூரில் அவை சட்டவிரோதம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் குற்றமே. 2022இல் தாய்லாந்து கஞ்சாக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு அங்கே பிஸ்கட்டிலும் பானத்திலும் அது கலந்து விற்கப்பட்டது. விடுமுறைக்குப் பேங்காக் போகிறவர்கள் பொட்டலத்தின் முன்பின் படிக்காமல் எதையும் வாயில் போட வேண்டாம்.

இனி பிராட்டாவுக்கு வருவோம்.

2011இல் கலிஃபோர்னியாவின் இர்வைனில் நிக்கலஸ் டிபட்ரிசியோவும் டேனியல் பியோமெல்லியும் எலிகளை வைத்து ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள். எலி உணவைச் சுவைத்து விழுங்கும். ஆனால் சிறுகுடலுக்குப் போகுமுன் குழாய் வழியே அது வெளியேறிவிடும். அதாவது ருசி மட்டும் உண்டு, உணவு சேராது. சர்க்கரைக் கரைசலுக்கும் புரதக் கரைசலுக்கும் சிறுகுடல் சும்மா இருந்தது. கொழுப்பு நாக்கில் பட்டதும் சிறுகுடலின் மேற்பகுதியில் எண்டோகன்னாபினாய்டு ஏறியது. 'இன்னும் வேண்டும்' என்ற செய்தி போனது. சிபி1 ஏற்பியை மருந்தால் அடைத்ததும் எலி கொழுப்பைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டது. காட்டில் கொழுப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் இது உயிர்காக்கும் ஏற்பாடாக இருந்திருக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் கல் சூடாக இருக்கும் ஊரில் நிலைமை வேறு. எண்ணெயில் வீசி, மடித்து, மறுபடி எண்ணெயில் சுட்ட மாவின் முதல் விள்ளலிலேயே உங்கள் குடல் மூன்றாவது பிராட்டாவுக்கு மனு போட்டுவிடுகிறது.

பிறந்த குழந்தையிடமிருந்தே இது தொடங்குகிறது. தாய்ப்பாலில் 2-ஏஜி இருக்கிறது. பிறந்த எலிக்குட்டிகளின் சிபி1 ஏற்பியை முதல் நாளே அடைத்தபோது அவை பால் குடிக்கவே இல்லை. பெரும்பாலானவை செத்துப்போயின என்று 2001இல் எஸ்தர் ஃப்ரைடின் குழு எழுதியது. சாப்பிடும் ஆசை என்பது ஒழித்துக்கட்ட வேண்டிய தீயொழுக்கம் என்று நினைப்பவர்கள் இந்த எலிக்குட்டிகளைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ராத்திரிக்காரர்களான உங்களை நேராகத் தொடும் ஆய்வு 2016இல் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எரின் ஹான்லனின் குழு ஆரோக்கியமான 14 இளைஞர்களை நான்கு இரவுகள் எட்டரை மணி நேரம் படுக்க விட்டது. இன்னொரு முறை நான்கு இரவுகள் நாலரை மணி நேரம் மட்டும். இரத்தத்தில் 2-ஏஜி இரவில் தாழ்ந்து, பகலில் ஏறி, நண்பகலுக்குப் பின் இறங்குவது வழக்கம். தூக்கம் குறைந்ததும் அந்த உச்சம் ஏறத்தாழ 33 விழுக்காடு உயர்ந்தது, தாமதமாக வந்தது, இரவு 9 மணிவரை இறங்கவும் மறுத்தது. நன்றாகச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகாத நிலையில் நொறுக்குத்தீனியை முன்னால் வைத்தபோது, தூக்கம் கெட்டவர்கள் தூங்கியவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு கொழுப்பை உள்ளே தள்ளினார்கள். அவர்கள் யாரும் வாயைக் கட்டத் தெரியாதவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. அதே ஆட்கள்தான், தூக்கம்தான் மாறியது. பதினான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கை, உண்மைதான். ஆனாலும் ஷிப்ட் வேலை பார்க்கும் எவருக்கும் இந்த முடிவு புதிதாக இருக்காது.

அப்படியானால் அந்த சிபி1 ஏற்பியை ஒரு மாத்திரையால் அடைத்துவிட்டால் போதுமே? இந்த யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை.

பிரான்ஸின் சனோஃபி நிறுவனம் ரிமோனபன்ட் என்ற மருந்தைச் செய்தது. சிபி1 ஏற்பியை அடைப்பதுதான் அதன் வேலை. 2005இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 1,507 பேர் கலந்துகொண்டார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் எடுத்தவர்கள் ஓராண்டில் சராசரியாக 6.6 கிலோ இழந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 1.8 கிலோ. இடுப்பும் சுருங்கியது, இரத்தக் கொழுப்பும் சீரடைந்தது. 2006 ஜூனில் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. 'அக்கோம்ப்ளியா' என்ற பெயரில் மருந்து கடைக்கு வந்தது. இனி தொந்தி என்ற பேச்சே இருக்காது என்று பத்திரிகைகள் எழுதாத குறைதான்.

அந்த ஏற்பி பசிக்கு மட்டும் காவல் இருக்கவில்லை. மனநிலை, பயம், துயரத்திலிருந்து மீள்வது என எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வந்தன. 2007 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 14-0 என்று எதிர்த்து வாக்களித்தது. அமெரிக்கா அந்த மருந்தை உள்ளே விடவே இல்லை. மனநலக் கோளாறு வரும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்று கணக்கிட்ட ஐரோப்பிய மருந்து முகவை 2008 அக்டோபரில் விற்பனையை நிறுத்தச் சொன்னது. இதய நோய்க்காக 18,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்துகொண்டிருந்த கிரெசெண்டோ ஆய்வும் பாதியில் கைவிடப்பட்டது. அதில் மருந்து எடுத்தவர்களில் நால்வரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள்.

இதில் இந்தியாவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அங்கே உள்நாட்டு நிறுவனங்கள் சில இதன் நகல்களைச் சொந்தப் பெயர்களில் விற்றன. அரசு தடை விதித்தது 2009 டிசம்பரில், அதாவது ஐரோப்பா கடையைச் சாத்தி ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பெட்டியில் 'இளைக்கிற மாத்திரை' வாங்கிவரும் பழக்கம் இங்கே இன்னும் சிலருக்கு இருக்கிறது. அவர்கள் இந்த ஓராண்டு இடைவெளியை நினைவில் வைப்பது நல்லது.

மருந்துக் கம்பெனிகள் விட்டபாடில்லை. மூளைக்குள் அதிகம் போகாமல் கல்லீரலிலும் கொழுப்பிலும் மட்டும் அடைக்கலாமே என்று இரண்டாவது சுற்று நடக்கிறது. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் 2023இல் கனடாவின் இன்வெர்சாகோ நிறுவனத்தை வாங்கியது இதற்காகத்தான். 2024 செப்டம்பரில் வந்த முதல் முடிவில், மொன்லுனபன்ட் என்ற அந்த மருந்தின் மிகக் குறைந்த அளவை எடுத்தவர்கள் 16 வாரத்தில் 7.1 கிலோ குறைந்திருந்தார்கள். ஆனால் பதற்றமும் எரிச்சலும் தூக்கக் கெடுதலும் இம்முறையும் தலைகாட்டின. அளவு கூடக்கூட அவையும் கூடின. பங்குச்சந்தைக்கு அது பிடிக்கவில்லை. நோயாளிகளுக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

கல்லீரல் என்றதும் நம் சமூகத்தின் கணக்கைத் திறக்க வேண்டியிருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நாடாளுமன்றத்தில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது 2016 ஏப்ரலில். அதற்கு வெகுமுன்பே, 2002இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் கூட்டம் ஒன்று சிங்கப்பூரில்தான் நடந்தது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 25 வரை போகக் காத்திருக்காமல் 23லேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் பலன். சட்டை போட்டால் ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களுக்கு உள்ளே கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு ஏறியிருக்கலாம் என்பது அதன் உட்பொருள்.

இங்கே ஜார்ஜ் குனோஸின் குழு அமெரிக்காவில் செய்த எலி ஆய்வு உதவும். 2008இல் அவர்கள் கல்லீரலில் மட்டும் சிபி1 இல்லாத எலிகளை வளர்த்துக் கொழுப்பு நிறைந்த தீனி போட்டார்கள். மற்ற எலிகளைப் போலவே அவையும் பருத்தன. ஆனால் கல்லீரலில் கொழுப்புப் படிவது குறைவு. இன்சுலினும் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்தது. எடை வேறு, கல்லீரல் படும் பாடு வேறு என்று இந்த எலிகள் காட்டின. தராசை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இடுப்பளவு நாடாவையும் எடுப்பது நல்லது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ஆசியர்களுக்கான எல்லைக்கோடு அதுதான்.

இனி நல்ல செய்தி. கனடாவின் கியூபெக்கில் தொந்தி பெருத்த 49 ஆண்கள் மாத்திரை எதுவும் இல்லாமல் ஓராண்டு உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தினார்கள். 2009இல் வந்த முடிவின்படி அவர்களின் இரத்தத்தில் 2-ஏஜி 62 விழுக்காடு இறங்கியிருந்தது. சிபி1 ஏற்பியை வெளியிலிருந்து அடைக்கப் போய் மருந்து பட்ட பாட்டைப் பார்த்தோம். சுரப்பைக் குறைக்க உடம்புக்கே வழி தெரிந்திருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆனந்தமைடும் 2-ஏஜியும் அராகிடோனிக் அமிலத்திலிருந்து உருவாகின்றன. அது ஒமேகா-6 குடும்பத்தைச் சேர்ந்தது. சூரியகாந்தி, சோளம், சோயா எண்ணெய்களில் நிறைந்திருக்கும் லினோலெயிக் அமிலம் அதன் மூலப்பொருள். 2012இல் அனிதா ஆல்வ்ஹெய்மின் குழு எலித் தீனியில் லினோலெயிக் அமிலத்தை ஆற்றலின் 1 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்த்தியபோது எண்டோகன்னாபினாய்டுகள் ஏறின, எலிகளும் பருத்தன. ஒமேகா-3 சேர்த்ததும் அது தணிந்தது. இதைக் கேட்டதும் சூரியகாந்தி எண்ணெயைக் கொட்டிவிட்டு நெய்க்குத் தாவுபவர்கள் உண்டு. அது தவறு. மனிதர்களிடம் அதே லினோலெயிக் அமிலம் கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது மீனின் பக்கத்தைத்தான். கிளமெண்டி 448 சந்தையில் காலையில் கிடைக்கும் கெம்புங் மீன் வாரம் இரண்டு முறை குழம்பில் விழுந்தால் ஒமேகா-3 தானாக வரும். பொரிக்காமல் வைத்தால் இன்னும் நல்லது.

மிளகுக்கும் கிராம்புக்கும் ஒரு வரி தரலாம். அவற்றில் உள்ள பீட்டா-காரியோஃபிலீன், அழற்சியோடு தொடர்புடைய சிபி2 என்ற இன்னொரு ஏற்பியில் ஒட்டி எலிகளில் அழற்சியைத் தணிக்கிறது என்று 2008இல் யூர்க் கெர்ட்ஷின் குழு காட்டியது. மிளகு ரசம் மருந்தாகிவிட்டது என்று யாராவது உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். ரசம் நல்லதுதான், அதை நிரூபிக்க அந்த எலிகள் தேவையில்லை.

கிளமெண்டியில் 96ஆம் எண் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் வந்துவிடும். அந்த கென்ட் ரிட்ஜ் பகுதியில் மருத்துவ ஊட்டச்சத்து ஆய்வு மையத்தைத் தொடங்கி நடத்தியவர் பேராசிரியர் ஜெயகுமார் ஹென்றி. அவருடைய குழுவின் 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று நம்மவர்களுக்குச் சுவையானது. அதே வெள்ளைச் சோற்றைக் கரண்டியாலும், கையாலும், சாப்ஸ்டிக்காலும் சாப்பிடச் சொன்னார்கள். கரண்டியால் சாப்பிட்டபோது சர்க்கரை ஏற்றக் குறியீடு 81. சாப்ஸ்டிக்கால் சாப்பிட்டபோது 68. கை இரண்டுக்கும் நடுவில் நின்றது. இரண்டிலிருந்தும் தெளிவாகப் பிரியவில்லை. காரணம் மந்திரமில்லை, வேகம்தான். அதே மையத்தின் இன்னோர் ஆய்வு, காய்கறியை முதலில், இறைச்சியை அடுத்து, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறுவதைக் காட்டியது. இவை எண்டோகன்னாபினாய்டை அளந்த ஆய்வுகள் இல்லை. ஆனாலும் காசு செலவில்லாமல் இன்று இரவே செய்து பார்க்கக்கூடியவை.

கடைக்காரர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. 2022 டிசம்பர் 30 முதல் பொட்டல பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கும் பானங்களுக்கும் ஏ முதல் டி வரை தரம் சொல்லும் நியூட்ரி-கிரேட் முத்திரை வந்துவிட்டது; சிறு வணிகர்களுக்கு விலக்கு இருக்கிறது. உப்பு, சாஸ், உடனடி மீ, சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு 2027ஆம் ஆண்டின் நடுவில் அது விரிகிறது. பிராட்டாவுக்கு எந்த முத்திரையும் கிடையாது, வரும் என்றும் தோன்றவில்லை. அது குறையும் இல்லை. பிராட்டாவுக்கு 'டி' கொடுத்தால் யாரும் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. பயன் தருவது வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பல கடைகளில் பொரித்ததும் பிராட்டாவும்தான் மிஞ்சுகின்றன. தோசைக் கல்லும் மீன் சூப்பும் அதற்கு முன்பே ஓய்ந்துவிடுகின்றன. பசியோடு வருபவருக்கு வேறு வழி இல்லாதபோது அவரை மட்டும் திட்டுவது நியாயமாகாது. கிளமெண்டியிலும் ஆயர் ராஜாவிலும் இரவுக் கடை நடத்துபவர்கள் எண்ணெய் குறைத்த தோசையையோ சூப்பையோ நள்ளிரவு வரை வைத்திருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களாகிய நீங்கள் வாய்விட்டுக் கேட்கலாம். பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ கோசோங் கேட்டு வாங்கிப் பழக்கியவர்கள் வாடிக்கையாளர்கள்தானே.

வீட்டுக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள். ஷிப்ட் முடித்து வருபவர் படுத்திருக்கும்போது திரையை இழுத்துவிடுங்கள், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறையுங்கள், பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். அவர் பிராட்டாவைக் குறைக்க வேண்டும் என்றால் அறிவுரையைவிட இது அதிகம் உதவும்.

நாற்பது வயதைத் தாண்டிய உங்களுக்கு அரசாங்கத்தின் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. 18 முதல் 39 வயதுவரை உள்ளவர்கள் நீரிழிவு அபாயத்தை இணையத்திலேயே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கணிக்கலாம். பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் இரவு வேலை என்பதையும் அவர் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.